பெற்றவளும் தத்து எடுத்தவளும்: கொரோனா ஊரடங்கில் தாய்மார் பட்ட பாடு

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. இரவு 8 மணி.

பிரதமர் டெலிவிஷனில் பேசினார். கொரோனா என்ற கொள்ளை நோய் பரவுகிறது. அன்று நள்ளிரவு முதல் 21 நாளைக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. இப்படி அறிவித்தார். இடையில் இருந்தது நான்கே மணி நேரம். மளிகைக் கடைகளில் கூட்டம் முண்டி அடித்தது.

அந்த இரவில், கோவையில் ஒரு தெருவை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். தெருவில் ஒரு மாடி வீடு. கீழே ஒரு குடும்பம். மேலே ஒரு குடும்பம்.

கீழ் வீட்டுப் பெண்ணுக்கு இது ஒன்பதாவது மாதம். தலைப்பிரசவம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகி விட்டது. வளையல் அடுக்கிய மறுநாள் அவளுடைய தாயார் அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் குழந்தை இல்லை. இடுப்பில் இருக்கிறது. வந்து இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஒடிசா மாநிலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தது. சட்டப்படி தத்து எடுக்கப்பட்டு, ரெயில் ஏறிக் கோவைக்கு வந்தது.

இந்த இரண்டு பெண்களும் கற்பனைப் பெண்கள். இவர்களுக்கு நேர்ந்தவை கற்பனை அல்ல. 2020-லும் 2021-லும் நம் நாட்டில் எத்தனையோ தாய்மார்களுக்கு நேர்ந்தவைதான்.

இந்த இருவரில் யார் அதிகம் தவித்தார்கள்? யார் சீக்கிரம் தேறி எழுந்தார்கள்? "பெற்றவளுக்குத்தான் வலி. தத்து எடுத்தவளுக்கு என்ன?" என்று சட்டென்று பதில் சொல்லி விடுவோம். அந்தப் பதில் சரிதானா என்று கொஞ்சம் பார்ப்போம்.

தாயார் வரவில்லை

முதலில் கீழ் வீடு.

வளைகாப்பு நின்று போயிற்று. பஸ் இல்லை. ரெயில் இல்லை. ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக 'இ-பாஸ்' வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இந்த பாஸ் முறை 2020 ஆகஸ்டு 31-ந் தேதி வரை நீடித்தது. பாஸ் கிடைத்தாலும், வழியில் நோய் ஒட்டிக் கொள்ளுமோ என்ற பயம். 60 வயதைத் தாண்டிய தாயாரை வரச் சொல்ல மகளுக்கே மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு முன்பு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று பல ஆஸ்பத்திரிகளில் கட்டுப்பாடு. நோய் இருப்பதாகத் தெரிந்தால் என்ன ஆகும்? முதல் மாதங்களில் பல ஊர்களில் தாயைத் தனியாகவும் சேயைத் தனியாகவும் வைத்தார்கள். அது தேவை இல்லை, முகக்கவசம் போட்டுக் கொண்டு, கையைக் கழுவிக் கொண்டு தாய் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சொன்னது எல்லா வார்டுகளுக்கும் உடனே போய்ச் சேர்ந்து விடவில்லை.

குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தாயிற்று. அதற்கு மேல்தான் உண்மையான கஷ்டம்.

பிள்ளை பெற்றவளை நம் ஊரில் 'பச்சை உடம்புக்காரி' என்போம். பச்சை உடம்புக்காரி குனிந்து ஒரு துரும்பை எடுக்கக் கூடாது. பெரியவள் ஒருத்தி வந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். இன்னொருத்தி பூண்டுக் குழம்பு வைப்பாள். பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு செய்வாள். பிரசவ லேகியம் கிண்டுவாள். இரவில் குழந்தை வீறிட்டால், "நீ தூங்கு, நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று தூக்கிக் கொண்டு போவாள்.

இதில் சில மூட வழக்கங்களும் கலந்து இருக்கின்றன. தண்ணீர் அதிகம் குடிக்காதே என்பது போன்றவை. டாக்டர்கள் அதை ஒப்புக் கொள்வது இல்லை. ஆனால் அடிப்படை என்ன? தாய் ஆனவளுக்கு நாற்பது நாள் ஓய்வு வேண்டும். பக்கத்தில் ஆள் வேண்டும். புத்தகம் படிக்காத பாட்டிமார்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது.

கொரோனா அந்த நாற்பது நாளைப் பறித்துக் கொண்டது. கீழ் வீட்டுப் பெண் பத்தாம் நாளே அடுப்படியில் நின்றாள். குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை டெலிபோனில் அவளுடைய தாயார் படம் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். கணவன் போனைப் பிடித்துக் கொண்டான். அவள் கை நடுங்கியது.

"பாணி, பாணி!"

இனி மாடி.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு இந்த நாற்பது நாள் எப்போதுமே கிடையாது! கொரோனா வந்திருக்காவிட்டாலும் கிடையாது. அவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க யாரும் வர மாட்டார்கள். வருகிறவர்கள் குழந்தையைப் பார்க்க வருவார்கள். குழந்தையின் நிறத்தைப் பார்ப்பார்கள். மூக்கைப் பார்ப்பார்கள். "யார் பெற்றதோ!" என்று பெருமூச்சு விட்டு, காப்பி குடித்து விட்டுப் போவார்கள்.

அந்தக் குழந்தை நடு இரவில் எழுந்து, "பாணி, பாணி" என்று அழுதது. என்ன பாணி? இவளுக்குப் புரியவில்லை. பாட்டுப் பாடினாள். பொம்மையைக் கொடுத்தாள். விளக்கைப் போட்டாள். அழுகை நிற்கவில்லை. குழந்தை இல்லத்து ஆயாவுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் விளங்கியது. ஒடியா மொழியில் பாணி என்றால் தண்ணீர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறது குழந்தை!

தத்துக்குப் பதிவு செய்கிறவர்களுக்குச் சொந்த மாநிலத்தில்தான் குழந்தை கிடைக்கும் என்பது இல்லை. டெல்லியில் 'காரா' என்ற மத்திய ஆணையம் இருக்கிறது. பதிவு எல்லாம் அதன் வழியாகத்தான். ஆளைப் பார்த்து அல்ல, பதிவு செய்த வரிசைப்படி குழந்தை ஒதுக்கப்படும். முறை வரும்போது கம்ப்யூட்டரில் குழந்தையின் படமும், டாக்டர் அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 48 மணி நேரத்துக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்து இருந்தவர்கள் உண்டு.

இல்லத்தில் வளர்ந்த குழந்தை எப்படி இருக்கும்? சில குழந்தைகள் சோற்றை உருட்டித் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம்! சில குழந்தைகள் விழுந்து அடிபட்டாலும் அழாது. அழுதால் ஓடி வர ஆள் இருந்து பழக்கம் இல்லை. சில குழந்தைகள் நேற்று வந்த விருந்தாளியிடமும் தாவிப் போகும். எவள் தன் தாய் என்று அதற்கு இன்னும் தெரியாது.

அதனால்தான், குழந்தை வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் விருந்தாளிகளைக் குறையுங்கள், தாயும் தந்தையும் மட்டுமே ஊட்டுங்கள், தூக்குங்கள் என்று தத்து அலுவலர்கள் சொல்லி அனுப்புவார்கள். நம் வீடுகளில் இதை யார் கேட்கிறார்கள்? அத்தை வருவாள், சித்தி வருவாள், ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சுவார்கள்.

ஊரடங்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தது. யாரும் வரவில்லை. கதவு சாத்தியே இருந்தது. விழித்தால் இவள் முகம். தூங்கினால் இவள் மடி. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். குழந்தை தாயைத் தெரிந்து கொண்டது. கொரோனா யாருக்காவது ஒரு நன்மை செய்தது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே சாத்திய கதவு இவளை வாட்டி எடுத்தது. குழந்தை இவளை விட்டு இறங்கவே மறுத்தது. குளிக்கப் போனால் கதவைத் தட்டி அலறியது. மாற்றிப் பிடிக்க ஓர் ஆள் இல்லை.

விடுப்புக் கணக்கு

இவள் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீட்டில் இருந்தே வேலை செய் என்றது கம்பெனி. லீவு கேட்க முடியாதா?

பிரசவ விடுப்புச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. பெற்ற தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நல்ல சட்டம். தத்து எடுத்த தாய்க்கும் 12 வாரம் உண்டு என்றது. ஆனால் அதில் ஒரு கொக்கி. குழந்தைக்கு வயது மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும்! கொரோனா ஆண்டுகளில் இதுதான் சட்டம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெற்றவள் ஒருத்தி வளர்க்க முடியாமல் குழந்தையை ஒப்படைக்கிறாள். மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு 60 நாள் அவகாசம். நியாயமான விதிதான். குழந்தை குப்பைத் தொட்டியில் கிடந்தது என்றால், பெற்றோரைத் தேட வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அதற்கும் இரண்டு மாதம் வரை. அதன் பிறகே குழந்தை தத்துக்குத் தகுதி ஆனது என்று அறிவிப்பார்கள். அப்புறம் ஒதுக்கீடு. சம்மதம். நேரில் பார்த்தல். கையெழுத்து. இத்தனையும் முடிந்து மூன்று மாதத்துக்குள் குழந்தை கைக்கு வருவது குதிரைக் கொம்பு.

அதாவது, சட்டம் ஒரு கையால் கொடுத்தது. மறு கையால் எடுத்துக் கொண்டது.

மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு வேறு விதி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் 180 நாள். நம் மாடி வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது. அங்கேயும் இடம் இல்லை. ஆக, இடுப்பில் குழந்தை, மடியில் கம்ப்யூட்டர், அடுப்பில் குக்கர். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதச் சம்பளமாவது இருந்தது.

யாரிடம் சொல்லி அழுவது?

பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு மனச்சோர்வு நோய் வரும். காரணம் இல்லாமல் அழுகை. தூக்கம் வராது. குழந்தையைப் பார்த்தால் பாசம் பொங்காது. "பேய் பிடித்து விட்டது" என்று முன்பெல்லாம் சொன்னார்கள். இன்று டாக்டர்கள் அதை நோய் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதே சோர்வு தத்து எடுத்த தாய்க்கும் வரும் என்றால் நம்புவீர்களா? ஜூன் பாண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1995-ல் இதைப் பற்றி எழுதினார். இதற்கு ஒரு பெயரும் வைத்தார். அதன் பிறகு ஆராய்ச்சியாளர்களும் இதை எடுத்துக் கொண்டார்கள். பிரசவம் ஆகாத உடம்பில் எப்படி வரும் என்று கேட்கலாம். இரவுத் தூக்கம் போனது இருவருக்கும் ஒன்றுதான். பழைய வாழ்க்கை ஒரே நாளில் மாறிப் போனது ஒன்றுதான். "குழந்தை வந்த நிமிஷமே அன்பு பொங்கும்" என்று எதிர்பார்த்து, பொங்காதபோது "நான் நல்ல தாய் இல்லையோ" என்று குற்ற உணர்ச்சியில் குமைவதும் ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. கீழ் வீட்டுப் பெண், "என்னால் முடியவில்லை அம்மா" என்று போனில் அழலாம். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தாயார் தேற்றுவார். மாடி வீட்டுப் பெண் அழுதால்?

"நீயாகத்தானே கேட்டு வாங்கினாய்?"

இந்த ஒரு கேள்வி போதும். அவள் வாயை மூடி விடும். பல ஆண்டு கோவில் குளம் சுற்றி, மனுப் போட்டு, காத்துக் கிடந்து பெற்ற குழந்தை. இப்போது களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? குழந்தையைத் திருப்பி வாங்கிக் கொள்வார்களோ என்ற பயம் வேறு. அலுவலர் போன் செய்து விசாரிக்கும்போது, "எல்லாம் நன்றாக இருக்கிறது சார்" என்று சிரிப்பாள். போனை வைத்ததும் கண்ணைத் துடைத்துக் கொள்வாள்.

அவளை "தியாகி" என்று புகழ்கிறவர்களும் உண்டு. அனாதைக்கு வாழ்வு கொடுத்த தெய்வம் என்பார்கள். அந்தப் புகழ் திட்டுவதை விட மோசம் என்று நான் நினைக்கிறேன். தெய்வத்துக்குக் களைப்பு வரலாமா? தெய்வம் சாயந்தரம் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கலாமா?

97 நிமிஷம்!

வீட்டு வேலைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மத்திய அரசாங்கம் 2019-ல், அதாவது கொரோனாவுக்கு முந்தைய ஆண்டில், நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. யார் எதில் எவ்வளவு நேரம் செலவு செய்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷம். (97 நிமிஷமா, எங்கள் வீட்டில் யார் அது என்று கேட்கும் சகோதரிகள் மன்னிக்க வேண்டும். அரசாங்கக் கணக்கு!)

ஐந்து மணி நேரம் என்பது சாதாரண நாள் கணக்கு. ஊரடங்கில் வேலைக்காரி வரவில்லை. எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டார்கள். காய்கறியைக் கூடக் கழுவித் துடைத்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஏறத்தாழ 19 மாதம்! அத்தனை நாளும் கல்வித் தொலைக்காட்சி முன்பும், போன் முன்பும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்த வாத்தியார் யார்? தாய்தான்.

கொள்ளை நோயின் முதல் ஆண்டில், உலகம் முழுவதும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவிகிதம் கூடியதாக 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. பெண்களும் இளைஞர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. இதில் பெற்றவள், தத்து எடுத்தவள் என்ற பேதம் எங்கே இருக்கிறது? யார் வீட்டில் மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இருந்ததோ, அவள் தாங்கினாள். இல்லாதவள் திண்டாடினாள். மாடி வீட்டுக் கணவன் இரவு 2 மணிக்கு எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு மொட்டை மாடியில் நடந்தான் என்றால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. மருந்து அதுதான்.

மே மாதத்துப் பயம்

2021-ம் ஆண்டு மே மாதம். இரண்டாவது அலை. நாடு முழுவதும் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் நோய். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஆக்சிஜனுக்கு அலைந்தார்கள். சுடுகாட்டில் வரிசை. முப்பது வயது, நாற்பது வயதுப் பெற்றோர்கள் செத்தார்கள்.

அப்போதுதான் எல்லா வீடுகளிலும் ஒரு கேள்வி எழுந்தது. "எனக்கு ஏதாவது ஆகி விட்டால் என் குழந்தையை யார் பார்ப்பார்கள்?"

கீழ் வீட்டுப் பெண் இந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டாள். நடுங்கிப் போனாள். மாடி வீட்டுப் பெண்ணுக்கு அது பழைய கேள்வி! தத்துக்கு மனுச் செய்தபோது அலுவலர் வீட்டுக்கு வந்து துருவித் துருவி விசாரித்தார். சம்பளம் எவ்வளவு? உடம்புக்கு என்ன நோய்? குழந்தையைப் பார்த்துக் கொள்ள யார் உதவுவார்கள்? தனியாகத் தத்து எடுக்கும் பெண் என்றால், அவளுக்கு ஏதும் நேர்ந்தால் குழந்தையை ஏற்பதாக உறவினர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அன்று அந்தக் கேள்விகள் அவமானமாக இருந்தன. "பிள்ளை பெறுகிற யாரையாவது இப்படிக் கேட்கிறார்களா?" என்று அவள் பொருமினாள். மே மாதத்தில் அதுவே கை கொடுத்தது. அண்ணனிடம் முன்பே பேசி வைத்திருந்தாள். பணம் எங்கே, பத்திரம் எங்கே என்று எழுதி வைத்திருந்தாள். ஆண்டுக்கணக்காகக் காத்து இருந்து பழகியவளுக்கு, எப்போது முடியும் என்று தெரியாத ஊரடங்கு அவ்வளவு புதிதாக இல்லை. தாங்கும் சக்தி என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது ரத்தத்தோடு பிறந்து வருவது அல்ல. இப்படிச் சில்லறைக் காரியங்களில் சேர்ந்ததுதான்.

ஆனால் அவளுக்கு மட்டும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. குழந்தை கைக்கு வந்தாலும், கோர்ட்டு உத்தரவு வரும் வரை அது சட்டப்படி அவளுடைய குழந்தை அல்ல. அதுவரை வளர்ப்புப் பொறுப்பு மட்டும்தான். இரண்டு மாதத்தில் உத்தரவு போட வேண்டும் என்பது சட்டம். கொரோனாவில் கோர்ட்டுகள் மூடின. அவசர வழக்குகளை மட்டும் வீடியோவில் விசாரித்தார்கள். உத்தரவு வருவதற்குள் தான் செத்துப் போனால், குழந்தை மறுபடியும் இல்லத்துக்கே போய் விடுமோ? இந்தப் பயம் கீழ் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது.

கோர்ட்டுத் தாமதத்தைக் காரணம் காட்டி, 2021-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உத்தரவு போடும் அதிகாரம் கலெக்டருக்கு மாறியது. அமலுக்கு வந்தது 2022 செப்டம்பர் 1-ந் தேதி.

வாட்ஸ்அப்பில் குழந்தை!

அதே மே மாதத்தில் வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. "பெற்றோர் கொரோனாவில் இறந்து விட்டார்கள். கைக்குழந்தை இருக்கிறது. வேண்டுவோர் இந்த நம்பரில் பேசவும்." இரக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

இது குற்றம். சட்ட முறைக்கு வெளியே குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்று ஆண்டு வரை ஜெயில் அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்; இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். விற்றால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். 2021 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் இப்படிப்பட்ட சட்ட விரோதத் தத்துகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அந்த மாதக் கடைசியில் மதுரையில் ஒரு செய்தி வெடித்தது. ஓர் இல்லத்தில் இருந்த ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்து விட்டதாகச் சொன்னார்கள். அடக்கம் செய்ததாகப் பத்திரமும் காட்டினார்கள். விசாரித்தால் பத்திரம் போலி! குழந்தை உயிரோடு இருந்தது. பணம் கொடுத்தவர்களிடம் இருந்தது. இன்னொரு பெண் குழந்தையும் அப்படியே. போலீசார் இரண்டையும் மீட்டார்கள். வாங்கிய வீடுகளிலும் குழந்தைக்காக ஏங்கிய பெண்கள் இருந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை. ஏக்கம் வேறு, சட்டம் வேறு.

கொரோனாவில் அனாதைகள் பெருகினார்கள், ஆகவே தத்தும் பெருகியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. 'காரா' கணக்குப்படி 2019-20-ல் நாட்டுக்குள் தத்துப் போன குழந்தைகள் 3,351. 2020-21-ல் 3,142. 2021-22-ல் 2,991. குறைந்து கொண்டே வந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளில் மிகப் பலர் தாத்தா, பாட்டி, மாமன், சித்தப்பன் வீடுகளிலேயே வளர்ந்தார்கள்.

ஒரு நல்ல செய்தி. அந்த 3,142 பேரில் 1,856 பேர் பெண் குழந்தைகள். கொள்ளி வைக்க ஆண் பிள்ளை வேண்டும் என்றுதான் நம் முன்னோர் சுவீகாரம் எடுத்தார்கள். 1956-ல் வந்த இந்து தத்துச் சட்டம்தான் பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்று தெளிவாக வழி திறந்தது.

படத்தோடு நின்ற தாய்மார்

குழந்தை வந்த பிறகு பட்ட பாட்டைச் சொன்னோம். வராமலே போனவர்களும் உண்டு. அது நம் நாட்டில் அல்ல, அமெரிக்காவில்.

சீனாவில் இருந்து 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. 2020 தொடக்கத்தில் கொரோனாவைக் காரணம் காட்டிச் சீனா இதை நிறுத்தியது. அப்போது நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களுக்கு, "இதுதான் உங்கள் குழந்தை" என்று படம் வந்து சேர்ந்திருந்தது. கட்டில் வாங்கி விட்டார்கள். பெயர் வைத்து விட்டார்கள்.

ஓர் ஆண்டு போயிற்று. இரண்டு போயிற்று. படத்தில் இருந்த குழந்தை வளர்ந்து கொண்டே இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் குழந்தை போன்ற சில விதிவிலக்குகள் தவிர இனி வெளிநாட்டுக்குத் தத்து இல்லை என்று சீனா அறிவித்து விட்டது. அந்தப் பெண்கள் பெறவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. அவர்களைத் தாய் என்பதா, வேண்டாமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்கக் கூட யாரும் போயிருக்க மாட்டார்கள்.

மறுபடியும் கோவைத் தெரு

ஊரடங்கு தளர்ந்தது. கீழ் வீட்டுப் பெண்ணின் தாயார் திருநெல்வேலியில் இருந்து வந்து சேர்ந்தார். பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். லேகியமும் கொண்டு வந்திருந்தார். நாற்பது நாள் கணக்கு எப்போதோ முடிந்து விட்டது. ஆனாலும் மகள் நக்கிச் சாப்பிட்டாள்.

அந்தத் தாயார் ஒரு கிண்ணத்தில் லேகியத்தை எடுத்துக் கொண்டு மாடி ஏறினார்.

"எனக்கு எதற்கு பெரியம்மா? நான் பெறவில்லையே" என்றாள் மாடி வீட்டுப் பெண்.

"ராத்திரி கண் முழிக்கிறவள்தானே, சாப்பிடு" என்றார் அவர்.

கொரோனா போய் விட்டது. இன்றும் இப்படித் தவிக்கும் தாய்மார் உண்டு. மனச்சோர்வு தாங்க முடியாதபோது 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. ஆதரவற்ற குழந்தை ஒன்றைப் பார்த்தால் 1098-க்குத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அல்ல.

மாடி வீட்டுக்குக் கோர்ட்டு உத்தரவு தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் 'தாயின் பெயர்' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் அதைப் பல தடவை படித்துப் பார்த்தாள்.

குழந்தைக்குப் பாணி மறந்து விட்டது. "அம்மா, தண்ணி" என்று கேட்கிறது.